சொல்லிவிட்டுப் போங்கள்: லயத்து வீட்டில் சின்னப் பிள்ளையின் மனசை வளர்க்க ஒரு வழிகாட்டி

விடியக்காலை ஐந்தரை மணிக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் எதற்குப் போனாலும் ஒரே காட்சிதான். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும், பக்கத்தில் தேத்தண்ணி கொதிக்கும், தூக்கம் கலையாத ஒரு பிள்ளை அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சிணுங்கிக்கொண்டு நிற்கும். அம்மாவுக்குப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போவதற்கு, நேரமாகிவிட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் அந்தப் பிள்ளையின் முழு நாளும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒன்பது வருஷம் வேலை செய்தவள். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஆனால் யாரைக் கேட்டாலும் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வார்கள். எனக்கும் இரண்டு பிள்ளைகள். முதல் பிள்ளை பெற்ற தாய் தகப்பன்மார் என்னிடம் எடை, திரிபோஷா சத்துமா, தடுப்பூசி பற்றியெல்லாம் நிறையக் கேட்பார்கள். மனசு பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளை அடம் பிடித்தால், இரவில் அலறி எழும்பினால், மற்றப் பிள்ளைகளைக் கடித்தால்தான் வந்து நிற்பார்கள். அப்போதும் "என்ன மருந்து குடுக்கலாம் டீச்சர்?" என்றுதான் கேள்வி. இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இதில் சொல்லியிருக்கும் எதற்கும் காசு வேண்டாம், பெரிய வீடு வேண்டாம், படிப்பு வேண்டாம். கொஞ்சம் நேரம் வேண்டும், அதுவும் அங்கொன்று இங்கொன்றாகக் கிடைக்கிற நேரமே போதும்.

முதல் வருஷம்: அழுதால் தூக்குங்கள்

"கைச்சூடு பழகிரும், அப்புறம் கீழே விடவே முடியாது" என்று பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) அக்கா சொல்வார். மாமியாரும் சொல்வார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளையைத் தூக்குங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு உங்களை ஏமாற்றத் தெரியாது, அழுகை ஒன்றுதான் அதன் வாய். பசியா, துணி நனைந்திருக்கிறதா, குளிரா, அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறதா, இப்படி வரிசையாகப் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் உங்கள் சூடுதான் அதற்கு வேண்டும், தோளில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இரண்டு நடை நடங்கள். அழுதால் யாரோ வருவார்கள் என்று பிள்ளை தெரிந்துகொள்கிறது. பிற்காலத்தில் அதுக்கு வருகிற தைரியத்துக்கெல்லாம் அடித்தளம் அதுதான்.

அப்புறம் பேச்சு. இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை "ங்கா" என்னும். நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருங்கள், அது திரும்பச் சொல்லும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, துணி மாற்றும்போது, பால் கொடுக்கும்போது இதைச் செய்தால் போதும், தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரொனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். பிள்ளையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று இரண்டு நிமிஷத்துக்கு முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போட்டுக் கூப்பிடும், ஒன்றும் பலிக்காமல் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கும். போனைப் பார்த்துக்கொண்டு பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதற்காகப் பயந்துவிடாதீர்கள். அதே சோதனையில் அம்மா மறுபடி சிரித்ததும் பிள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிடுகிறது. விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம்.

காலையில் பிரிவது: இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்

இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் தவறாக நடப்பது இதுதான். என் வீட்டிலும் நடந்தது.

என் மூத்தவனுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும் இருக்கும். நான் வேலைக்குக் கிளம்பினால் அவன் அழுவான். அதைப் பார்க்கத் தாங்காமல், அம்மாயி அவனைப் பின்பக்கம் கோழி காட்டத் தூக்கிக்கொண்டு போவார், நான் முன்கதவால் மெதுவாக நழுவிவிடுவேன். அழுகை இல்லை, எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் அவன் என்னைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக்கூடத் தனியாகப் போக விடவில்லை. கோழி என்ற பேச்சை எடுத்தாலே அழுதான். இரவில் என் சுவெட்டர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான், தூங்கின பிறகு விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் பிள்ளைக் காம்பராவில் வயசான ஆயா ஒருவர் இருந்தார். அவர்தான் சொன்னார்: "நீ எப்போ காணாமப் போவேன்னு அவனுக்குத் தெரியலம்மா. அதான் முழுநாளும் உன்னையக் காவல் காக்கிறான்."

எட்டு மாதம் அளவில் பிரிவுப் பயம் தொடங்கும், ஒன்று ஒன்றரை வயது வரை உச்சத்தில் நிற்கும், அப்புறம் மெல்லக் குறையும். அது நோய் கிடையாது. "இவங்கதான் என் ஆள்" என்று பிள்ளை உங்களை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். அந்தப் பயத்தை நம்மால் துடைத்து எறிய முடியாது, ஆனால் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று பழக்க முடியும். அதை இப்படிச் செய்யுங்கள்.

முதல் நாள் இரவே சொல்லுங்கள். படுக்கும்போது, "நாளைக்கு அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவேன், நீ அம்மாயிகூட இருப்ப" என்று. ஒரு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே புரியும்.

காலையில் பத்து நிமிஷம் முன்னால் எழும்புங்கள். கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பத்தில் ஐந்து நிமிஷம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். தேத்தண்ணியை அப்படியே குடிக்கலாம்.

எப்போது வருவீர்கள் என்பதைப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கில் சொல்லுங்கள். நான்கரை மணி என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. "நீ சோறு தின்னு, தூங்கி எழும்பி, விளையாடிட்டு இருப்ப, அம்மா கூடையோட மேட்டுல ஏறி வருவேன்" என்றால் பிடித்துக்கொள்ளும். இன்றைக்குக் கொழுந்து அதிகம், பிந்தும் என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

போகும்போது தினமும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், மாற்றாமல். எங்கள் பிள்ளைக் காம்பராவில் ஒரு தாய் இடுப்பில் கட்டும் படங்கின் முடிச்சைத் தன் மகளையே இழுத்து இறுக்கச் சொல்வார். அந்தச் சின்னக் கை முழுப் பலத்தோடு இழுக்கும், "இறுகிருச்சா?" என்று அம்மா கேட்பார், "இறுகிருச்சு" என்று அது சொல்லும், அப்புறம் அம்மா போவார். அந்தப் பிள்ளை முதல் மூன்று நான்கு நாள் அழுதது. அதன் பிறகு முடிச்சை இழுத்துவிட்டுத் தானே உள்ளே ஓடிவரும்.

சொல்லிவிட்டால் போய்விட வேண்டும். மூன்று தடவை திரும்பி வந்து முத்தம் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் அழுதால் அம்மா திரும்புவார் என்று அதற்கு ஆகிவிடும். முதுகுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் அந்த நேரம் "அங்க பாரு காக்கா" என்று திசை திருப்பாமல், "அம்மா போயிட்டாங்கன்னு கவலையா இருக்கு, இல்ல? வா, என்கிட்ட இரு" என்று அணைத்துக்கொண்டால் அழுகை சீக்கிரமே அடங்கும். இதை அம்மாயியிடமோ ஆயாவிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாயங்காலம் வந்ததும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், கைகால் கழுவிவிட்டு, பிள்ளைக்கு ஐந்து நிமிஷம். கூடையை இறக்கி வைத்த சூட்டோடு "இன்னிக்கு யாரை அடிச்ச, என்னத்த உடைச்ச" என்று விசாரணை வைக்காதீர்கள். காலையில் சொன்னது போலவே வந்துவிட்டேன் என்று சொல்லிக் காட்டுங்கள்: "அம்மா சொன்னேன்ல, வந்துட்டேன்ல?"

மனசுக்குப் பேர் வையுங்கள்

நம் பெரியவர்களிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. பிள்ளை சாப்பிடாமல், விளையாடாமல், ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் "புள்ள ஏங்கிப் போச்சு" என்பார்கள். உடம்பில் காய்ச்சல் இல்லாமலேயே மனசால் பிள்ளை வாடும் என்று படிக்காத கிழவிக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் மந்திரிப்பார்கள், திருநீறு போடுவார்கள். போடட்டும், அதில் ஒரு பாட்டி மடியில் வைத்துத் தடவிக் கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. அதோடு, யாருக்காக ஏங்குகிறது என்று கேட்டு அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

அதே மாதிரி மற்ற உணர்ச்சிகளுக்கும் பேர் சொல்லிக் கொடுக்க வேண்டும். கோபம், பயம், கவலை, வெட்கம், ஏமாற்றம், பொறாமை, சந்தோஷம். மாடு, நாய், பூனை என்று காட்டிச் சொல்லிக் கொடுப்பது மாதிரித்தான், அது நடக்கும்போதே சொல்ல வேண்டும். "பந்து பள்ளத்துல உருண்டு போச்சு, உனக்குக் கோவம் கோவமா வருது." "மழைன்னு கோயிலுக்குப் போகல, ஏமாந்து போயிட்ட." பேர் தெரிந்த பிள்ளை மூன்று நான்கு வயதில் "எனக்குக் கோவம்" என்று வாயால் சொல்லும், தெரியாத பிள்ளை பல்லால் சொல்லும். பிள்ளைக் காம்பராவில் கடிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் பேச்சு வராதவர்களாகத்தான் இருந்தார்கள், பேச்சு வர வரக் கடிப்பது தானாக நின்றது.

உங்கள் மனசையும் சொல்லுங்கள். "அம்மாவுக்கு இன்னிக்குக் கால் வலி, அதான் முகம் இப்படி இருக்கு. உன் மேல கோவம் இல்ல." இந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் நடந்தது என்று நினைக்கிற வயசு அது. இரவில் அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை நடந்தால்கூட, மறுநாள் காலை பிள்ளையைக் கூப்பிட்டு, "ராத்திரி சத்தம் போட்டது பெரியவங்க பிரச்சினை, உன்னால இல்ல" என்று சொல்லுங்கள். தூங்கிவிட்டது, கேட்டிருக்காது என்று நம்பாதீர்கள். ஒரு காம்பராவுக்குள் எதுவும் கேட்காமல் இருக்காது.

டவுனில் தரையில் விழுந்து புரண்டால்

சம்பள நாள். ஹட்டன் டவுனில் கடை வாசலில் சிவப்பு நிற பிளாஸ்டிக் லொறி தொங்குகிறது. மூன்று வயதுப் பையன் கேட்கிறான், நீங்கள் இல்லை என்கிறீர்கள், அவன் அப்படியே தரையில் விழுந்து காலை உதைத்து அலறுகிறான். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்கள் காது சுடுகிறது.

அந்த நேரத்தில் அவனுக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆசையை அடக்கி யோசிக்கிற மூளையின் முன்பகுதி முழுசாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயது வரை ஆகும், மூன்று வயதில் அது வெறும் முளை. கோபம் ஏறி நிற்கும்போது அந்த முளையும் வேலை செய்யாது. அதனால் முதலில் உங்கள் மூச்சை இழுத்து விடுங்கள். அவன் உயரத்துக்குக் குனியுங்கள். சனம் நடக்கிற வழியாக இருந்தால் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போங்கள். குரலை ஏற்றாமல் இரண்டே வாக்கியம்: "அந்த லொறி வேணும்னு ஆசையா இருக்கு. இன்னிக்கு வாங்க முடியாது." அப்புறம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அடித்தாலோ கடித்தாலோ கையைப் பிடித்து நிறுத்துங்கள், "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே. அழுகை இறங்கிச் சிணுங்கலானதும் அணைத்துக்கொள்ளலாம், தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் லொறியை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சத்தத்துக்காக ஒரு தடவை வாங்கிக் கொடுத்தால் அடுத்த சம்பள நாளும் இதேதான். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அழுகைக்கு முன்னாலேயே சரி என்று சொல்லுங்கள்.

வீட்டில் நடந்தால் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் இடையில் ஒரே ஒரு சுவர், அதுவும் மேலே இடைவெளியோடு. பிள்ளை அலறினால் முழு லயத்துக்கும் கேட்கும். நான் பார்த்த வரையில் நம் தாய்மார் பிள்ளையை அடிப்பதில் பாதி அடி பிள்ளைக்கானது இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற காதுக்கானது. "புள்ள வளக்கத் தெரியல" என்று சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கம். அது வரும்போது மனசுக்குள் அதற்கும் பேர் வையுங்கள்: எனக்கு வெட்கமாக இருக்கிறது, பிள்ளை மேல் கோபம் இல்லை. பக்கத்துக் காம்பராவில் நல்ல பழக்கம் இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம், "அக்கா, இவன் இப்ப அடம் பிடிக்கிற வயசு, கொஞ்சம் சத்தம் கேக்கும், கோவிச்சுக்காதீங்க" என்று. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

அதோடு, எப்போதெல்லாம் அடம் வருகிறது என்று ஒரு கிழமை கவனியுங்கள். பசி, தூக்கம், பஸ் களைப்பு, புது ஆட்கள், இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வாழைப்பழம் கொடுத்தால் அன்றைய சண்டை அங்கேயே முடிந்துவிடும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூக்கம் வேண்டும், இதையும் கணக்குப் பாருங்கள்.

அடித்துவிட்டால்

அடிக்காமல் இருக்கப் பழகுங்கள். அடி வாங்கிய பிள்ளை என்ன தப்பு செய்தோம் என்பதைக் கற்றுக்கொள்ளாது, உங்கள் கை எப்போது உயரும் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு நாள் கை நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்த உடம்பு அது, எனக்குப் புரிகிறது. கோபம் இறங்கினதும் பிள்ளையிடம் போய், "அம்மா அடிச்சது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும். நீ மாவைக் கொட்டினதும் சரியில்ல, ஆனா அம்மா அடிச்சிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பது பொய். சண்டை வந்தாலும் மறுபடி சேரலாம் என்று பிள்ளை வேறு எங்கே போய்ப் பார்க்கும்?

பூச்சாண்டியை வீட்டை விட்டு அனுப்புங்கள்

"சாப்பிடலன்னா சாக்குக்காரன் புடிச்சிட்டுப் போவான்", "அழுதா டொக்டர் ஊசி போடுவாரு", "பொலிஸ் வரும்". இதெல்லாம் அந்த நேரத்துக்கு வேலை செய்யும். அப்புறம் கிளினிக்கில் எடை போட மிட்வைஃப் அம்மா கையை நீட்டினாலே பிள்ளை அலறும். உதவி கேட்டு ஓட வேண்டிய ஆட்களையே பயப்பட வேண்டிய ஆட்களாக ஆக்கிவிடுகிறோம். "உன்னைய விட்டுட்டுக் கொழும்புக்குப் போயிருவேன்" என்பது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் உண்மையாகவே கொழும்புக்குப் போன அம்மாக்களை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது.

உண்மையான பயங்களைத் தள்ளிவிடாதீர்கள். அட்டை, இருட்டு, குளவி. "அட்டைக்குப் போய் பயப்படுறியா" என்று சிரித்தால் பிள்ளை பயத்தை நிறுத்தாது, உங்களிடம் சொல்வதை நிறுத்தும். என் இளையவளுக்கு அட்டை என்றால் உயிர் போகும். நாங்கள் இருவரும் உட்கார்ந்து என் காலில் ஏறிய அட்டையில் கொஞ்சம் உப்புப் போட்டோம். அது சுருண்டு விழுந்ததைப் பார்த்தாள். அடுத்த தடவை உப்பு டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் மழை நாளில் வெளியே போகும்போது உப்பு எடுத்தாயா என்று என்னைக் கேட்பதே அவள்தான். பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்கு ஒரு கைவேலை கிடைத்துவிட்டது.

மழைப் பயம் வேறு மாதிரி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் மலை சரிந்தது, எத்தனையோ குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படுத்துக் கிடந்தன. அதைப் பார்த்த பிள்ளை தகரத்தில் மழை விழுந்தாலே காதைப் பொத்தும், விட்டுவிட்ட படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும், அம்மாவை விட்டு அசையாது, மண்ணைக் குவித்துத் தள்ளித் தள்ளி மண்சரிவு விளையாட்டே விளையாடும். அந்த விளையாட்டைத் தடுக்காதீர்கள், பார்த்ததை அது அப்படித்தான் சீரணித்துக்கொள்கிறது. "ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்ய நம்மால் முடியாது. அதற்குப் பதிலாகச் செய்யப்போவதைச் சொல்லுங்கள்: "மழை கூடினா அப்பா உன்னையத் தூக்குவாரு, நான் பையை எடுப்பேன், நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்." பையில் தன் சாமான் ஒன்றை வைக்கப் பிள்ளையையும் விடுங்கள். சரிவு வீடியோக்களைப் பிள்ளை முன்னால் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அம்மாவோ அப்பாவோ தூரத்தில் இருந்தால்

கொழும்பில் கடையில் நிற்கிற அப்பா, வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அம்மா, அம்மாயியிடம் வளர்கிற பிள்ளை. ஒவ்வொரு லயத்திலும் இப்படி ஒரு காம்பராவாவது இருக்கும். போவது பிழை என்று சொல்ல நான் யார், அந்தக் காசில்தான் வீடு நிற்கிறது. ஆனால் போகிற விதம் இருக்கிறது. பிள்ளை தூங்கும்போது போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சொல்லுங்கள், யார் சோறு ஊட்டுவார், யார் பக்கத்தில் படுப்பார் என்பதைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். நீங்கள் உடுத்திய ஒரு சேலையைத் துவைக்காமல் விட்டுப் போங்கள், அந்த வாசனை பிள்ளைக்குப் பெரிய துணை.

வட்ஸ்அப்பில் கூப்பிடும்போது முடிந்தவரை ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டு ஓடும், அதற்காக "அம்மாவை மறந்துட்டியா" என்று அழாதீர்கள். "சாப்டியா, குளிச்சியா" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அது களைத்துப் போகும். ஒரு பாட்டுப் பாடுங்கள், காகம் வடை எடுத்த கதையைச் சொல்லுங்கள், அது வரைந்ததைக் காட்டச் சொல்லுங்கள். "அடுத்த மாசம் வந்துருவேன்" என்று நடக்காததைச் சொல்லாதீர்கள். திரும்பி வரும்போது பிள்ளை உங்களிடம் வராமல் அம்மாயி பின்னால் ஒளிந்தால் உங்கள் மனசு உடையும், தெரியும். இழுத்து அணைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அது விளையாடுவதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொள்ளுங்கள். சில நாள் எடுக்கும், சில பிள்ளைக்குச் சில கிழமைகள்.

அம்மாயிமாருக்கு ஒன்று: பிள்ளை முன்னால் "ஒங்க அம்மா ஒன்னைய என் தலையில கட்டிட்டுப் போயிட்டா" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள் அம்மா. அது விளையாட்டு என்று அதுக்குத் தெரியாது.

அப்பாமாரே

"ஆம்பளப் புள்ள அழலாமா" என்று சொல்வதை இன்றோடு விடுங்கள். அழ விடாத பையனுக்குக் கவலை வந்தாலும் வெட்கம் வந்தாலும் கோபமாக மட்டும்தான் வெளியே வரும், இருபது வயதில் அது யார் மேல் விழும் என்று நமக்குத் தெரியும். மாலையில் பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஒரு நடை போங்கள், மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு மேளம் அடிக்கிற இடத்தில் சத்தத்துக்குப் பயந்தால் கூட்டத்துக்குள் தள்ளாமல் தூரத்தில் நின்று காட்டுங்கள். இரவில் தூங்க வைக்கிற வேலையைக் கிழமையில் இரண்டு நாள் நீங்கள் எடுத்தாலே அம்மாவின் பாரம் பாதி இறங்கும்.

இன்னும் சில, சுருக்கமாக

புதுப் பாப்பா பிறந்தால் மூத்த பிள்ளை திடீரென்று விரல் சப்பும், தூக்கச் சொல்லும். "நீ பெரியவ" என்று தள்ளாமல் கொஞ்ச நாள் அதையும் பாப்பா மாதிரி மடியில் வையுங்கள், சீக்கிரம் தானே இறங்கிப் போகும்.

போன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இதுதான்: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அழுகிற பிள்ளைக்குப் போன் கொடுத்தால் அழுகை நிற்கும், ஆனால் அழுகையைத் தானாக இறக்குகிற பழக்கம் வராது.

விளையாட்டுக்கு எதையும் வாங்க வேண்டாம். பழைய பானை, கொட்டாங்கச்சி, மண், தண்ணீர். பிள்ளை சும்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு அம்மா வேஷம் போட்டால், "நிறுவை எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டு நீங்களும் சேருங்கள். அன்றைக்கு அது மனசில் என்ன வைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த விளையாட்டில் வெளியே வரும்.

எப்போது ஆளைத் தேட வேண்டும்

பிறந்தபோது கொடுத்த பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தை எடைக்கு மட்டும் திறக்காதீர்கள், எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலாவது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டது என்றால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று இருந்துவிடாமல் அடுத்த கிளினிக்கிலேயே மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லுங்கள், எம்ஓஎச் டொக்டரிடம் (சுகாதார வைத்திய அதிகாரியிடம்) அனுப்புவார்கள். பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம் தாய். பிள்ளை பெற்ற பிறகு இரண்டு கிழமைக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை, செத்துவிடலாம் என்று நினைப்பு வருகிறது என்றால் அது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை, வைத்தியம் இருக்கிற நோய். மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லலாம், யாரிடமும் முகம் கொடுத்துச் சொல்ல முடியாவிட்டால் 1926க்குக் கூப்பிடலாம், மனநல உதவிக்கான அரசாங்க இலக்கம் அது. பக்கத்துக் காம்பராவில் அப்படி ஒரு தங்கச்சி இருந்தால் பிள்ளையை ஒரு மணி நேரம் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு அவளைப் படுக்கச் சொல்லுங்கள், எழும்பினதும் சூடாக ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கிளினிக்குக்குக் கூடவே போங்கள்.